அத்தியாயம் 7: தோற்கும் அணியைத் தூக்கி நிறுத்துவது எப்படி?

தொடர்ந்து தோற்கும் கூடைப்பந்து அணியின் பெஞ்சில் மூன்று புலம்பல்கள்தான் கேட்கும். “இன்னிக்குக் கை ஓடலை.” “ரீபவுண்ட் பூரா அவங்களுக்கே போகுது.” “பசங்க உசிரக் கொடுத்து ஆடலை சார்.” மூன்றும் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் புலம்பலைப் பயிற்சியாக மாற்ற முடியாது. எண்ணிப் பார்க்க முடிந்ததைத்தான் திருத்த முடியும்.

பள்ளி, கல்லூரி, ஊர் கிளப் அணிகளைக் கவனிக்கும் உடற்கல்வி ஆசிரியர்களுக்கும், கோச் இல்லாமல் தாங்களே அணியை நடத்தும் சீனியர்களுக்கும் இந்த அத்தியாயம். அடுத்த போட்டிக்கு நான்கு வாரம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

வரிசையை மாற்றாதீர்கள்

பெரும்பாலான பயிற்சியாளர்கள் முதலில் ஷூட்டிங்கில் கை வைப்பார்கள். முழங்கையைத் திருத்துவார்கள், மணிக்கட்டைத் திருத்துவார்கள். பழகிய கையை மாற்றினால் சில வாரங்களுக்கு ஷாட் முன்பைவிட மோசமாகும். போட்டி அதற்குள் முடிந்துவிடும். அதனால் வரிசை இப்படி இருக்கட்டும்:

1. எண்ணுவது: முதல் வாரம்.
2. ரீபவுண்ட்: பலன் சீக்கிரம் தெரியும்.
3. எங்கிருந்து ஷாட் போடுவது என்ற தேர்வு: இரண்டாவதாகப் பலன் தரும்.
4. ஷாட் போடும் முறை: இப்போது தொட்டுக்கொள்ளலாம். முழுத் திருத்தம் போட்டிகள் முடிந்த பிறகு.
5. உழைப்பு: தனி வாரம் கிடையாது. முதல் நாளிலிருந்து கடைசி நாள்வரை எண்ணப்படும்.

தேவையான பொருட்கள்

- பந்துகள்: இரண்டு பேருக்கு ஒன்று இருந்தால் நல்லது. ஆண்களுக்கு 7-ஆம் எண், பெண்களுக்கு 6-ஆம் எண், சின்னப் பிள்ளைகளுக்கு 5-ஆம் எண்.
- அளவு நாடா, சாக்பீஸ், ஸ்டாப் வாட்ச் (செல்போன் போதும்), விசில்.
- 80 பக்க நோட்டு ஒன்று, இரண்டு நிறப் பேனா.
- தண்ணீர்க் குடம், ஐஸ் கட்டி, கிரேப் பேண்டேஜ்.

படி 1: ஆளைக் குறை சொல்லுமுன் ஆடுகளத்தை அளங்கள்

ரிங் தரையிலிருந்து 3.05 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். பழைய தரைமேல் புது சிமெண்ட் பூசிய ஆடுகளங்களில் ரிங் சில சென்டிமீட்டர் தாழ்ந்திருக்கும். பையன்கள் தொங்கித் தொங்கி முன்பக்கம் வளைந்த ரிங்கும் உண்டு. அங்கே பழகிய கை, வெளியூர் மைதானத்தில் ஷாட்டைக் குறைவாகவே போடும்.

1. ரிங்கின் முன்விளிம்பு, பின்விளிம்பு இரண்டிலிருந்தும் தரைவரை அளங்கள். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும்.
2. ஃப்ரீ த்ரோ கோடு போர்டின் முகப்புக்கு நேர்கீழிருந்து 4.6 மீட்டரில் இருக்கிறதா என்று பாருங்கள்.
3. மூன்று புள்ளிக் கோடு 6.75 மீட்டர். 2010 வரை அது 6.25 மீட்டராக இருந்தது. பழைய பெயிண்ட் அழியாத ஆடுகளத்தில் உங்கள் பிள்ளைகள் இத்தனை நாளும் அரை மீட்டர் முன்னால் நின்று பழகியிருக்கலாம்.
4. பந்தைத் தலை உயரத்திலிருந்து கீழே விடுங்கள். இடுப்புக்கு மேலே, மார்புக்குக் கீழே எழும்ப வேண்டும். கல்போல எழும்பும் பந்து ரிங்கில் பட்டால் வெளியே தெறிக்கும்.

*குறிப்பு:* ரிங்கில் நெட் இல்லையென்றால் முதல் வேலையாக நெட் கட்டுங்கள். பந்து உள்ளே போனதா, உரசிப் போனதா என்று தெரியாமல் ஷூட்டிங் பயிற்சி செய்து பயனில்லை.

படி 2: ஒரு ஆட்டத்தை முழுதாக எண்ணுங்கள்

ஒரு பயிற்சி ஆட்டம் போதும். காலில் அடிபட்டு உட்கார்ந்திருக்கும் வீரரிடமோ ஜூனியரிடமோ நோட்டைக் கொடுங்கள். நீங்களே எழுதப் பார்த்தால் ஆட்டம் கண்ணில் படாது.

1. நோட்டின் ஒரு பக்கத்தில் அரை ஆடுகளம் வரையுங்கள். அதை மூன்றாகப் பிரியுங்கள்: ரிங்குக்குப் பக்கம் (இரண்டு எட்டுக்குள்), நடுத்தூரம், மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே.
2. ஒவ்வொரு ஷாட்டுக்கும் போட்ட இடத்தில் சட்டை எண்ணை எழுதச் சொல்லுங்கள். விழுந்தால் வட்டம், விழாவிட்டால் பெருக்கல் குறி.
3. எதிர்ப்பக்கத்தில் நான்கு வரிசை: நம் ரிங்கின் கீழ் நாம் எடுத்த ரீபவுண்ட், அவர்கள் எடுத்தது, அவர்கள் ரிங்கின் கீழ் நாம் எடுத்தது, அவர்கள் எடுத்தது.
4. ஃப்ரீ த்ரோ எத்தனை கிடைத்தது, எத்தனை விழுந்தது.
5. ஷாட்டே போடாமல் பந்தைத் தொலைத்தது எத்தனை முறை.

இந்தத் தாளைப் படிப்பது எப்படி? ஓர் உதாரணம். உங்கள் அணி 60 ஷாட் போட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ரிங்குக்குப் பக்கத்தில் 22 போட்டு 11 விழுந்தது, 22 புள்ளி. நடுத்தூரத்தில் 26 போட்டு 6 விழுந்தது, 12 புள்ளி. வெளியிலிருந்து 12 போட்டு 2 விழுந்தது, 6 புள்ளி. மொத்தம் 40.

பார்த்தவுடன் “60-க்கு 19தான், கை மோசம்” என்று தோன்றும். இடம் பிரித்துப் பாருங்கள். பக்கத்தில் போட்ட ஒவ்வொரு ஷாட்டும் சராசரியாக ஒரு புள்ளி தந்திருக்கிறது. நடுத்தூர ஷாட் அரைப் புள்ளிகூடத் தரவில்லை. ஆனால் அதிகம் போட்டது அங்கிருந்துதான். அந்த 26-இல் பத்தை மட்டும் ரிங்குக்குப் பக்கத்து ஷாட்டாக மாற்றி, அதே விகிதத்தில் விழுந்தாலும் ஐந்து புள்ளி கூடும். யாருடைய முழங்கையையும் தொடாமல் கிடைக்கும் ஐந்து புள்ளி அது.

கூடைப்பந்துப் புள்ளியியலில் பெயர் பெற்ற டீன் ஆலிவர், 2004-இல் வெளிவந்த தன் நூலில் வெற்றியை நான்கு காரணிகளாகப் பிரித்தார்: ஷூட்டிங், பந்தைத் தொலைக்காமை, ரீபவுண்ட், ஃப்ரீ த்ரோ. உங்கள் நோட்டில் இருப்பவையும் இவையே.

படி 3: ரீபவுண்ட்

உயரமில்லை என்ற சாக்கை முதலில் ஒதுக்குங்கள். டென்னிஸ் ராட்மேனின் உயரம் 2.01 மீட்டர். என்.பி.ஏ.வில் ரிங்குக்குக் கீழே மோதுபவர்களில் அது பெரிய உயரமில்லை. அவர் 1991-92 முதல் 1997-98 வரை ஏழு பருவங்கள் தொடர்ந்து ரீபவுண்டில் முதலிடம் பிடித்தார். நண்பர்களைப் பல இடங்களிலிருந்து ஷாட் போடச் சொல்லி, பந்து எந்தப் பக்கம் தெறிக்கிறது என்று பார்த்துப் பார்த்துப் பழகியவர். பள்ளி அளவில் பெரும்பாலான ரீபவுண்ட் ரிங்குக்குக் கீழேதான், கைக்கெட்டும் உயரத்தில்தான் பிடிபடுகிறது. அங்கே இடம் பிடித்தவருக்கே பந்து.

*பாக்ஸ் அவுட்: ஆறு அசைவுகள்*

1. குரல். ஷாட் கிளம்பியதும் “ஷாட்!” என்று ஐந்து பேரும் கத்த வேண்டும்.
2. ஆள். பந்தைப் பார்க்காதீர்கள், உங்கள் ஆளைப் பாருங்கள். பந்து காற்றில் இருக்கும் நேரம் அதற்குப் போதும்.
3. தொடல். முன்கையை மடக்கி அவர் மார்புக்கருகே வைத்து, எந்தப் பக்கம் வருகிறார் என்று உணருங்கள். தள்ளவோ பிடிக்கவோ கூடாது. இரண்டும் ஃபவுல்.
4. திரும்பல். ஒரு காலை ஊன்றித் திரும்பி, முதுகை அவர்மீது சாய்த்து, அகலக் கால் வைத்து, நாற்காலியில் உட்கார்வதுபோல இறங்குங்கள். கைகள் தோள் உயரத்தில் விரிந்திருக்கட்டும்.
5. எழும்பல். இப்போதுதான் பந்தைத் தேட வேண்டும். இரண்டு கையாலும் பிடித்து, இரண்டு காலிலும் இறங்குங்கள்.
6. தாடை. பந்தைத் தாடைக்குக் கீழே இழுங்கள். முழங்கை இரண்டும் வெளியே இருக்கட்டும், ஆனால் வீசக் கூடாது. பிறகு கோட்டோரம் நிற்பவருக்குப் பாஸ்.

பாதிக்கு மேல் அணிகள் தவறுவது இரண்டாவது அசைவில். ஷாட் கிளம்பியதும் ஐந்து தலைகளும் ரிங்கை அண்ணாந்து பார்க்கும். பின்னாலிருந்து ஒருவர் விறுவிறுவென்று நடந்து வந்து நடுவில் நிற்பார். பந்து அவர் கையில் விழும். குதிக்கக்கூட வேண்டியிருக்காது.

*பந்து எங்கே விழும்?*

- மூலையிலிருந்து போட்ட ஷாட் தவறினால் பெரும்பாலும் எதிர்ப்பக்கத்தில் விழும். அந்தப் பக்கத்தில் நிற்பவர்தான் முக்கியமான ஆள்.
- தூரத்து ஷாட் தூரமாகத் தெறிக்கும். மூன்று புள்ளி ஷாட்டுக்கு எல்லோரும் ரிங்குக்குக் கீழே ஓடிப் பயனில்லை. கார்டுகள் ஃப்ரீ த்ரோ கோட்டருகே நிற்க வேண்டும்.
- ஷாட் போட்டவரையும் தடுக்க ஆள் வேண்டும். தன் ஷாட் குறைகிறதா மீறுகிறதா என்று முதலில் தெரிவது அவருக்குத்தான்.

*மூன்று பயிற்சிகள்*

வட்டம் (5 நிமிடம்). நடு வட்டத்தின் மையத்தில் பந்தை வையுங்கள். வட்டத்தைச் சுற்றி மூன்று தடுப்பாளர்கள், அவர்களுக்கு வெளியே மூன்று எதிராளிகள். விசில் அடித்ததும் திரும்பி முதுகால் தடுத்து, வெளியாள் பந்தைத் தொடாமல் ஐந்து விநாடி காக்க வேண்டும்.

மூவருக்கு மூவர் (10 நிமிடம்). நீங்கள் ஷாட் போட்டுத் தவற விடுங்கள். தடுப்பு அணி தொடர்ந்து மூன்று ரீபவுண்ட் எடுத்தால்தான் வெளியே வரலாம். நடுவில் ஒன்றை விட்டாலும் எண்ணிக்கை சுழியத்திலிருந்து தொடங்கும்.

ஃப்ரீ த்ரோ வரிசை (5 நிமிடம்). ஃபிபா விதிப்படி ஃப்ரீ த்ரோவின்போது கட்டத்தின் ஓரத்தில் தடுக்கும் அணியினர் மூவர், எறியும் அணியினர் இருவர்தான் நிற்கலாம். மூவர் இருந்தும் பந்தை விடுவது கவனக்குறைவு. யார் யாரைத் தடுப்பது, எறிந்தவரை யார் தடுப்பது என்று பெயர் சொல்லி நிறுத்திப் பழக்குங்கள்.

*இலக்கு:* எதிரணி தவறவிடும் ஒவ்வொரு 10 ஷாட்டிலும் குறைந்தது 7 உங்கள் கையில் வர வேண்டும். எதிரணி ரிங்கில் 3 கிடைத்தால் நல்ல கணக்கு. தாக்குதல் ரீபவுண்டுக்கு மூவரை அனுப்புங்கள். இருவர் பின்னால் நிற்கட்டும். ஐந்து பேரையும் அனுப்பினால் எதிரணிக்கு வெறும் லே-அப் கிடைக்கும்.

ஒரே ரீபவுண்ட் ஒரு கோப்பையின் திசையை மாற்றியதைப் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டுமானால் 2013 ஜூன் 18 அன்று மயாமியில் நடந்த என்.பி.ஏ. இறுதித் தொடரின் ஆறாவது ஆட்டத்தைப் போடுங்கள். சான் அன்டோனியோ மூன்று புள்ளி முன்னால். நேரம் முடியப் போகிறது. அந்த அணியின் பெரிய ஆள் டிம் டன்கன் அப்போது பெஞ்சில். லெப்ரான் ஜேம்ஸின் ஷாட் தவறியது. கிறிஸ் பாஷ் ரீபவுண்டைப் பிடித்து மூலைக்குப் பாஸ் கொடுத்தார். பின்காலிட்டு நகர்ந்த ரே ஆலன் மூன்று புள்ளியைப் போட்டு 95-95 ஆக்கினார். மிச்சம் 5.2 விநாடி. கூடுதல் நேரத்தில் மயாமி வென்றது; ஏழாவது ஆட்டத்தையும் வென்று கோப்பையை எடுத்தது. வீடியோவை பாஷ் பந்தைப் பிடிக்கும் இடத்தில் நிறுத்தி, “இவரைத் தடுத்திருக்க வேண்டியது யார்?” என்று கேளுங்கள்.

படி 4: எங்கிருந்து ஷாட்?

1. லே-அப்பிலிருந்து தொடங்குங்கள். ஒவ்வொரு பயிற்சியிலும் வலது, இடது, நடு என்று மூன்று பக்கமும் அணியாக இரண்டு நிமிடத்தில் எத்தனை விழுகிறது என்று எண்ணுங்கள். நேற்றைய எண்ணைத் தாண்ட வேண்டும். போர்டில் வரைந்த சதுரத்தின் மேல்மூலையைக் குறி வைக்கச் சொல்லுங்கள்.
2. ஒவ்வொருவருக்கும் இடம் கொடுங்கள். சாக்பீஸால் ஐந்து இடம் குறியுங்கள். ஒவ்வொரு வீரரும் ஒவ்வோர் இடத்திலிருந்தும் பத்து ஷாட். நான்குக்குமேல் விழும் இடம் அவருடைய இடம். மற்ற இடங்களிலிருந்து ஆட்டத்தில் போடக் கூடாது.
3. மூன்று பாஸ் விதி. முதல் இரண்டு வாரப் பயிற்சி ஆட்டங்களில், வெறும் லே-அப் தவிர வேறெந்த ஷாட்டும் மூன்று பாஸுக்குப் பிறகுதான். அதில் ஒரு பாஸாவது கட்டத்துக்குள் போய்வர வேண்டும்.
4. நேரம் வைத்துப் பழக்குங்கள். 24 விநாடி விதி உங்கள் போட்டியில் உண்டென்றால், பயிற்சியிலும் ஒருவர் சத்தமாக எண்ணட்டும். தாக்குதல் ரீபவுண்டுக்குப் பிறகு கிடைப்பது 14 விநாடி. அதற்குள் பதறிப் போட வேண்டியதில்லை.

*தவறு:* நன்றாகப் போடும் ஒரே பையனைக் கூப்பிட்டு “நீயே போடுடா” என்பது. இரண்டாவது கால்பகுதியிலேயே எதிரணி அவர்மீது இரண்டு பேரை நிறுத்தும். மற்ற நால்வரும் வேடிக்கை பார்க்கப் பழகிவிடுவார்கள்.

படி 5: கையைத் தொட வேண்டுமானால்

ரிங்கின் உள் அகலம் 45 சென்டிமீட்டர். பந்தின் அகலம் சுமார் 24. இடம் தாராளமாக இருப்பதுபோலத் தெரியும். ஆனால் பந்து தட்டையாக, 30 பாகைக் கோணத்தில் வந்தால், அது நுழைய இருக்கும் வாசல் 22.5 சென்டிமீட்டராகச் சுருங்கிவிடும். ரிங்கில் இடிக்காமல் போகவே முடியாது. 45 பாகையில் வந்தால் வாசல் கிட்டத்தட்ட 32 சென்டிமீட்டர். போட்டிக்கு முன் ஒரே ஒரு விஷயத்தைத் திருத்த நேரமிருந்தால் ஷாட்டை உயர்த்துவதைத் திருத்துங்கள்.

1. ரிங்கிலிருந்து ஒரு எட்டு தள்ளி நிறுத்துங்கள். கால்கள் தோள் அகலம், முழங்கால் சற்று மடங்கியிருக்கட்டும்.
2. ஒரு கையில் மட்டும் பந்து. விரல்நுனிகளில் நிற்க வேண்டும். உள்ளங்கை ஒட்டக் கூடாது.
3. முழங்கை பந்துக்கு நேர்கீழே. கண் ரிங்கில்.
4. கால் எழும்பும்போதே கையும் எழ வேண்டும். விட்ட பிறகு மணிக்கட்டு மடங்கி, பந்து விழும்வரை கை மேலேயே இருக்கட்டும்.
5. ரிங்கைத் தொடாமல் ஐந்து விழுந்தால் ஓர் எட்டு பின்னால். தவறினால் அதே இடம். ஒரு நாளைக்கு பத்து நிமிடம் போதும்.

*ஃப்ரீ த்ரோ:* ஓய்வெடுத்த பிறகு பத்து போடுவது ஏமாற்று வேலை. ஆட்டத்தில் மூச்சு வாங்கும்போதுதான் ஃப்ரீ த்ரோ வரும். இரண்டு முறை முழு நீளம் ஓடி வந்து, இரண்டே எறி, மறுபடி ஓட்டம். இப்படி ஐந்து சுற்று. ஷாகில் ஓ’நீலைப் போன்ற பெரும் வீரரே வாழ்நாள் முழுக்க ஏறக்குறைய பாதி ஃப்ரீ த்ரோவைத்தான் உள்ளே போட்டார். எதிரணிகள் வேண்டுமென்றே அவரை ஃபவுல் செய்து ஆட்டத்தை மாற்றப் பார்த்தன. உங்கள் அணியில் பலவீனமான கை யாருடையது என்று எதிரணியும் பார்த்துக்கொண்டிருக்கும்.

*தவறு:* பிள்ளைகளுக்குக் கனமான பந்தைக் கொடுத்துவிட்டு “எட்டலையே” என்பது. எட்டாத பிள்ளை இடுப்பிலிருந்து தூக்கி எறியும். அந்தப் பழக்கம் பிறகு போகாது. பந்தைச் சிறிதாக்குங்கள் அல்லது ரிங்குக்குப் பக்கத்தில் நிறுத்துங்கள்.

படி 6: உழைப்பை எண்ணுவது

“உயிரைக் கொடுத்து ஆடு” என்பது கட்டளையல்ல. அதை எப்படிச் செய்வது என்று எந்தப் பிள்ளைக்கும் தெரியாது. செய்யத் தெரிந்த வேலையாக அதை உடைக்க வேண்டும். அமெரிக்கக் கல்லூரிப் பயிற்சியாளர் ரிக் பிட்டினோ, எதிரணியின் பந்தில் கை பட்டுத் திசை மாறிய தடவைகளை எண்ண வைப்பதில் பெயர் பெற்றவர். என்.பி.ஏ.வும் 2016-லிருந்து இப்படிப்பட்ட உழைப்புக் கணக்கை வெளியிடுகிறது. நீங்கள் ஐந்தை எண்ணுங்கள்:

1. எதிரணி பாஸில் அல்லது டிரிபிளில் கை பட்டது.
2. தரையில் உருளும் பந்தை முதலில் எடுத்தது.
3. பாக்ஸ் அவுட் செய்தது. பந்து கிடைத்ததோ இல்லையோ.
4. பந்து எதிரணி கைக்குப் போனதும் முதல் மூன்று எட்டு முழு வேகத்தில் திரும்பி ஓடியது.
5. ஷாட் போடுபவர் முன்னால் கை உயர்த்தி நின்றது.

ஆட்டம் முடிந்ததும் புள்ளிப் பட்டியலுக்கு முன் இந்தப் பட்டியலை வாசியுங்கள். ஒரு புள்ளிகூடப் போடாத பையன் பெயர் முதலில் வந்தால், மறுநாள் பயிற்சியில் மற்றவர்கள் ஆட்டம் தானாக மாறும்.

பேச்சையும் மாற்றுங்கள். “ஓடுங்கடா!” என்று கோட்டோரம் நின்று கத்துவதற்குப் பதில், “பந்து போச்சா? மூணு எட்டு! அப்புறம் ஆளைப் பாரு!” என்று சொல்லுங்கள்.

*உழைப்பு குறைந்தால் கேட்க வேண்டிய நான்கு கேள்விகள்*

- சாப்பிட்டாச்சா? மதியம் பன்னிரண்டரைக்குச் சாப்பிட்ட பிள்ளை ஐந்து மணிக்கு ஓடாது. நாலரைக்கு இரண்டு வாழைப்பழமோ ஒரு கை கடலைமிட்டாயோ சுண்டலோ கொடுங்கள்.
- தூங்கினாயா? காலை டியூஷன், பள்ளி, மாலை டியூஷன், அப்புறம் பயிற்சி. பரீட்சை நேரத்தில் பயிற்சியைப் பாதியாகக் குறையுங்கள்.
- எவ்வளவு நேரம் ஆடுகிறாய்? 40 நிமிடமும் ஐந்து பேரே ஆடினால் கடைசிப் பத்து நிமிடத்தில் எவர் காலும் எழாது. எட்டுப் பேரைப் பழக்கி, நான்கைந்து நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள்.
- மூச்சு வாங்குகிறதா, தலை சுற்றுகிறதா? எப்போதும் சோர்வாக இருக்கும் பிள்ளைக்கு, குறிப்பாகப் பெண் பிள்ளைக்கு, இரத்தசோகை இருக்கலாம். “சோம்பேறி” என்று சொல்லுமுன் அரசு மருத்துவமனையில் ஹீமோகுளோபின் பரிசோதிக்கச் சொல்லுங்கள்.

*தவறு:* தோற்றதற்குத் தண்டனையாக மைதானத்தைச் சுற்றி ஓட விடுவது. ஓடுவதே தண்டனை என்று பழகிய பிள்ளை ஆட்டத்தில் ஏன் ஓடும்?

பாதுகாப்பு: விட்டுக்கொடுக்கக் கூடாதவை

- தரை. பயிற்சிக்கு முன் மணலையும் இலைகளையும் பெருக்குங்கள். சிமெண்ட் தரையில் மெல்லிய மணல் இருந்தால் திரும்பும் கால் வழுக்கும். மழை பெய்து ஈரம் காயாத அன்று ஓட்டம் வேண்டாம். நின்ற இடத்தில் ஷூட்டிங் மட்டும். இடி கேட்டால் எல்லோரும் கட்டடத்துக்குள்.
- பாய்ச்சல். உருளும் பந்துக்காக சிமெண்டில் பாய்ந்து விழச் சொல்லாதீர்கள். குனிந்து, முழங்கால் மடக்கி, இரு கையால் அள்ளப் பழக்குங்கள். மோதிக் கீழே விழுந்து ஃபவுல் வாங்குவதையும் மரத்தரையில் மட்டும் பழக்குங்கள்.
- இறங்குதல். ரீபவுண்டிலிருந்து இறங்கும்போது இரண்டு காலிலும், முழங்கால் மடங்கி, பாதத்துக்கு நேராக இருக்க வேண்டும். முழங்கால்கள் உள்பக்கம் இடிக்க இறங்கும் பிள்ளையை நிறுத்தித் திருத்துங்கள். முழங்கால் ஜவ்வு அறுவது பெரும்பாலும் அப்படித்தான்.
- காற்றில் இருப்பவர். எழும்பியவரின் காலுக்குக் கீழே நுழைந்து நிற்பது ஆபத்து. பயிற்சியில் யார் செய்தாலும் உடனே விசில்.
- காலுறை. அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் பத்து முறை தேசியப் பட்டம் வென்ற பயிற்சியாளர் ஜான் வுடன், பருவத்தின் முதல் நாளில் காலுறையைச் சுருக்கமில்லாமல் போடக் கற்றுக்கொடுப்பார். சுருக்கம் கொப்புளமாகும், கொப்புளம் வந்தவர் ஓட மாட்டார்.
- அணிகலன். மோதிரம், வளையல், கம்மல், கழுத்துச் சங்கிலி கழற்றியாக வேண்டும். நகம் வெட்டியிருக்க வேண்டும். போர்டைத் தாங்கும் கம்பத்தில் பழைய மெத்தையோ டயரோ கட்டுங்கள்.
- வெயில். ஏப்ரல், மே மாதங்களில் காலை எட்டுக்கு முன், மாலை ஐந்துக்குப் பின் மட்டும் பயிற்சி. 15 நிமிடத்துக்கு ஒருமுறை தண்ணீர். கேட்டால்தான் தருவேன் என்பது கூடாது. உடல் கொதித்து, பேச்சு குழறினால் நிழலில் படுக்க வைத்து, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறி, 108-ஐ அழையுங்கள்.
- சுளுக்கு, தலையடி. கணுக்கால் சுளுக்கினால் ஆட்டம் நின்றது: ஓய்வு, துணியில் சுற்றிய ஐஸ், பேண்டேஜ், காலை உயர்த்தி வைத்தல். எண்ணெய் போட்டு இழுத்து விடச் சொல்லாதீர்கள். தலையில் அடிபட்டு மயங்கினால் அல்லது குழம்பிப் பேசினால் அன்று மறுபடி இறக்கவே கூடாது, மருத்துவரிடம் காட்டுங்கள்.

நான்கு வார அட்டவணை

வாரம் ஐந்து நாள், நாளுக்கு 90 நிமிடம். ஒவ்வொரு நாளும் 15 நிமிடம் உடலைச் சூடாக்குதல், 10 நிமிடம் லே-அப், கடைசியில் 10 நிமிடம் களைத்த நிலையில் ஃப்ரீ த்ரோ. மிச்சமுள்ள 55 நிமிடம் இப்படி:

1. முதல் வாரம். ஆடுகள அளவு, ஒரு முழு ஆட்டக் கணக்கு, பாக்ஸ் அவுட்டின் ஆறு அசைவுகள் மெதுவாக.
2. இரண்டாம் வாரம். ரீபவுண்ட் 25 நிமிடம். இடம் குறித்த ஷூட்டிங் 15. மூன்று பாஸ் விதியோடு பயிற்சி ஆட்டம் 15.
3. மூன்றாம் வாரம். ரீபவுண்ட் 15, ஷூட்டிங் 15, பயிற்சி ஆட்டம் 25. பக்கத்துப் பள்ளியோடு ஒரு ஆட்டம் போட்டு மறுபடி முழுதும் எண்ணுங்கள்.
4. நான்காம் வாரம். புதிதாக எதுவும் கற்றுத்தராதீர்கள். நேரத்தை 60 நிமிடமாகக் குறையுங்கள். போட்டிக்கு முந்தின நாள் லே-அப்பும் ஃப்ரீ த்ரோவும் மட்டும்.

*குறிப்பு:* ஒரே வரிசையில் பத்துப் பேர் நின்று ஒருவர் ஷாட் போட மற்றவர் பார்க்கும் பயிற்சி வேண்டாம். மூன்று மூன்று பேராகப் பிரித்தால் ஒருவர் ஷாட், ஒருவர் ரீபவுண்ட், ஒருவர் பாஸ். நின்று பார்க்க ஆளே இருக்காது.

ஆட்ட நாளில்

1. நோட்டும் பேனாவும் எண்ணுபவர் கையில் இருக்கட்டும்.
2. ஆட்டத்துக்கு முன் ரிங்கைக் கவனியுங்கள். வேறு ஊர் ரிங் கெட்டியாகவோ தளர்ந்தோ இருக்கும். முதல் ஐந்து நிமிடம் பந்து தெறிப்பதைப் பார்த்து ரீபவுண்ட் இடத்தை முடிவு செய்யுங்கள்.
3. முதல் பாதியில் இரண்டு டைம் அவுட், இரண்டாம் பாதியில் மூன்று. ஒவ்வொன்றும் ஒரு நிமிடம்தான். முதல் 20 விநாடி தண்ணீர். பிறகு ஒரே ஒரு கட்டளை. ஐந்து விஷயம் சொன்னால் ஒன்றும் நிற்காது.
4. இடைவேளையில் இரண்டு எண்ணை மட்டும் சொல்லுங்கள்: நம் ரிங்கின் கீழ் ரீபவுண்டில் எத்தனைக்கு எத்தனை எடுத்தோம், நடுத்தூர ஷாட் எத்தனை போட்டோம்.
5. யாருக்கு நான்கு ஃபவுல் என்று பாருங்கள். ஐந்தாவது ஃபவுலில் வெளியே. பாக்ஸ் அவுட்டில் தள்ளும் பழக்கமுள்ளவர்தான் முதலில் போவார்.

போட்டிக்குப் பிறகு

முதல் வாரத் தாளையும் கடைசி ஆட்டத் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ரீபவுண்ட் விகிதம் கூடி, நடுத்தூர ஷாட் குறைந்து, அப்போதும் தோற்றிருந்தால் மிச்சக் காரணம் இரண்டில் ஒன்று: பந்தைத் தொலைப்பது அல்லது கை. தொலைத்த எண்ணிக்கை 15-ஐத் தாண்டினால் பாஸ், டிரிபிள் பயிற்சிக்குப் போங்கள். தாண்டவில்லையென்றால் படி 5-ஐ எடுத்து, அடுத்த போட்டிவரை கிடைக்கும் மாதங்களில் தினமும் செய்யுங்கள். ரீபவுண்ட் விகிதமே கூடவில்லையென்றால் புதுப் பயிற்சி தேடாதீர்கள். வட்டப் பயிற்சிக்குத் திரும்பி, ஷாட் கிளம்பும்போது யார் தலை மேலே பார்க்கிறது என்று மட்டும் கவனியுங்கள். அந்தப் பெயர்களை நோட்டில் எழுதுங்கள். நாளைய பயிற்சி அவர்களிடமிருந்து தொடங்கட்டும்.